செவலைக் கோழியின் காயம்

பத்து வயதில் எனக்கு எல்லார் மீதும் சந்தேகம் இருந்தது, அத்தையைத் தவிர. நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பண்டமாரானில் துறைமுக வேலைக்காரர்கள் வசித்த வரிசையில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தப் பதில் வருவதற்குள் அவளுக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். செமினி என்ற ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, அவர்கள் சம்மதித்தால் கோழி அறுக்கிறேன் என்று முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டார். அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். சம்மதமா என்று கேட்கப்படாதவள் அத்தை ஒருத்திதான்.

முனியாண்டிக்குச் சேவல் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் அப்பா வேண்டிக்கொண்ட நேரத்தில் கொல்லையில் நின்றது செவலைக் கோழி மட்டும். அதையே காட்டி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு முறை காட்டிவிட்டால் மாற்றக் கூடாது. உடம்பில் குறையுள்ள கோழியையும் கொடுக்கக் கூடாது. நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் கல்யாண நாள் குறிக்கவோ அப்பாவுக்குப் பயம். இந்த நேரம் பார்த்து அந்தக் கோழி வேலித் தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டது.

சின்னக் கீறல்தான். வைத்தியம் பார்க்க அத்தை முன்வந்தாள். உப்புப் போட்ட வெந்நீரில் காலைக் கழுவி, மஞ்சள் மருந்தைத் தடவி, வெள்ளைத் துணியைக் கிழித்து அவள் கட்டிய அழகைப் பார்த்து அம்மாவே வாயைப் பிளந்தாள். ஐந்து நாளில் ஆறிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வாரம் ஆகியும் கோழி நொண்டியது.

வீடு முழுக்கச் சந்தேகம் பரவியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மிளகாயை அடுப்பில் போட்டாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் பூனையை அப்பா முறைத்துக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, "உண்மையிலயே கோழிக்குத்தான் காயமா, இல்ல வேற இடத்துல பேச்சு நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனது. நான் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அவன் கையில் கவண் இருந்தது, முகத்தில் எப்போதும் குற்றக்களை இருந்தது. ஒரு வாரம் அவன் பின்னாலேயே அலைந்தேன். அவன் வகுப்பறையில் பாடம் எழுதாததைத் தவிர வேறு குற்றம் எதுவும் அகப்படவில்லை.

அத்தை மட்டும் எந்தச் சந்தேகத்திலும் சேராமல், காலையும் மாலையும் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"வழியில தபால்காரர பாத்தியா?"

"பாக்கல அத்தை. கோழிக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் ஆறல லா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது, குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணன் கவணோடு வருவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எண்ணம். வந்தவள் அத்தை. கோழியை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்துக் கீழே விட்டாள். அது இரண்டு காலாலும் மண்ணைக் கிளறிக்கொண்டு, என்னைவிட வேகமாகக் கொல்லையைச் சுற்றி ஓடியது. அத்தை கொஞ்ச நேரம் அதை மேய விட்டாள். பிறகு பிடித்து, மருந்தே தடவாமல், பல்லைக் கடித்துக்கொண்டு துணியை இறுக்கிக் கட்டினாள். கோழி நொண்டியபடி நிழலுக்குப் போனது.

பெரிய மர்மம் துலங்கிவிட்டது எனக்கு. அத்தை கோழி மீது இரக்கப்பட்டு அதைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல் விடுவது முனியாண்டியை ஏமாற்றுவதாகும் என்றும் நினைத்தேன். முனியாண்டி மீது எனக்கு அத்தனை பயம். ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட, கண்டுபிடித்த பெருமைதான் அதிகம். சாயங்காலம் அப்பா துறைமுகத்தில் ஞாயிறு வேலையை முடித்து வந்ததும் அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன்.

"கால் நல்லாதான் இருக்குப்பா. அவுத்துப் பாருங்க."

அப்பா அவிழ்த்தார். கீறல் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. அத்தை சமையலறை வாசலில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள், அப்பாவை அல்ல.

"இன்னிக்குத்தான் ஆறிச்சு, அண்ணே" என்றாள்.

அப்பா அதை அப்படியே நம்பினார். உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர், அதை மட்டும் நம்பினார். "ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நர்ஸ் ஆயிட்டியே!" என்று சிரித்தார். அன்றைக்கே செமினிக்குத் தகவல் போனது. மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை தபால்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. தபால்காரரைப் பார்க்கவில்லை என்று நானாகச் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் கோழியை அறுத்து, அங்கேயே சமைத்து, இலை போட்டார்கள். கல்யாண நாளும் அங்கேயே முடிவானது. வாளியும் கரண்டியுமாக அத்தைதான் பரிமாறினாள். என் இலைக்கு முன் வந்ததும் நின்று, வாளியைத் துழாவி, தொடையோடு சேர்ந்த முழுக்காலை எடுத்து எனக்கு வைத்தாள்.

"கால் நல்லாதானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வீட்டில் அண்ணனுக்கு மட்டுமே கிடைக்கும் துண்டு அது. என் சாமர்த்தியத்துக்கு அத்தை கொடுத்த பரிசு என்று பூரித்து, "ஆமா அத்தை, ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி, எலும்புவரை கடித்துத் தின்றேன்.