நர்ஸம்மாவின் சைக்கிளும் நாலு சீட்டும்

முப்பிடாதியம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவாள். அதைப் பார்த்ததுமே இலஞ்சிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிரசவ வீட்டில் வெந்நீர் வரத் தாமதமானால் மாமியார் மாமனார் என்று பார்க்கமாட்டாள், கிழி கிழியென்று கிழித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்க ஒரு பொய்யை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இலஞ்சி பிரசவ விடுதிக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. சுற்றிலும் ஒன்பது ஊர், அத்தனைக்கும் இவள் ஒருத்திதான் நர்ஸ். சைக்கிளோ எங்கேயோ யாரோ ஓட்டிக் கழித்தது. இரண்டு மிதிகட்டைகளையும் தாங்குகிற நடு அச்சு ஆடியது. காலை அழுத்தினால் அச்சு ஒரு பக்கமாகச் சரியும், செயின் உறையில் உரசும், நாலு பர்லாங் போவதற்குள் கழன்று விழும். சாரல் தூறுகிற மாதத்தில் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து செயின் மாட்டுகிறவளைப் பார்த்து, குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டம் காரை நிறுத்திச் சிரித்தது. அவர்கள் நாசமாய்ப் போக.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த செல்லச்சாமியிடம் கொண்டுபோனாள்.

"சைக்கிள்ல ஒண்ணுமில்ல நர்ஸம்மா. நீங்க மிதிக்க மிதியிலதான் கோளாறு. பொம்பளையாளு மிதிச்சா ஒரு பக்கமாத்தான் அழுத்தம் விழும்" என்றார் அவர். இறுக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மறுபடி ஆடியது.

ரிப்பேர் பார்த்தவர் காரணம் எழுதிச் சீட்டுக் கொடுக்கவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். 'மிதிக்கும் முறை சரியில்லாததால் அச்சு தளர்கிறது' என்று செல்லச்சாமி எழுதினார். ஒன்றல்ல, நாலு சீட்டு. நாலையும் இவளே தன் கையால் தென்காசி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினெட்டு வருஷம் கடை நடத்துகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். பாதத்தின் நுனியால் மிதித்துப் பார்த்தாள். இரண்டு காலுக்கும் ஒரே அழுத்தம் வருகிறதா என்று எண்ணி எண்ணி மிதித்தாள். மேடு வந்தால் இறங்கித் தள்ளினாள்.

நாலாவது சீட்டுக்குப் பதில் வந்தது. பெண் ஊழியருக்குச் சைக்கிள் ஒத்துவரவில்லை என்று தெரிவதால் முப்பதாம் தேதிக்குள் தென்காசியில் ஒப்படைக்கவும். இனி ஒன்பது ஊருக்கும் கால்நடைதான்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பழைய கோபம் திரும்பியது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம், அதற்குமுன் குற்றம் காலிலா சைக்கிளிலா என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினாள். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை எடுத்தாள். அச்சின் வலது முனையைப் பிடித்திருக்கும் கப்புக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஒரு மிதிகூட மிதிக்காமல் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனாள்.

செல்லச்சாமி வழக்கம்போல உளியை வைத்துக் கப்பைத் தட்டித் திருப்பினார். ஊதாக் கோடு இரண்டாகப் பிரிந்தது. கப்பு ஓர் அரிசி அளவு வெளியே வந்து நின்றது.

"அண்ணாச்சி, கப்பு வெளியலா வருது. நீங்க இறுக்குதியளா, கழத்துதியளா?"

"வலது பக்கம்னா நேர் மரை நர்ஸம்மா. இடது பக்கம்தான் எதிர் மரை. பெடல் மாட்டயில பாத்ததில்லையா?"

பெடலுக்கு அவர் சொன்னது சரி. நடு அச்சுக்கு அது அப்படியே மாறும், வலது கப்புதான் எதிர் மரை, இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும். மற்ற சைக்கிள்களில் கம்பெனிக்காரன் இறுக்கிய அந்தக் கப்பைத் தொடவேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. இதில் அது வரும்போதே தளர்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் இறுக்குவதாக நினைத்து வலதைக் கழற்றிவிட்டு, ஆட்டம் தெரியாதபடி இடதை இறுக்கி அனுப்பியிருக்கிறார்.

முப்பிடாதியம்மாள் உளியையும் சுத்தியலையும் பிடுங்கினாள். எதிர்ப்பக்கமாக நாலு தட்டு. கப்பு உள்ளே போய் உட்கார்ந்தது. இடது கப்பையும் சரிசெய்யச் சொல்லி, மிதிகட்டையைப் பிடித்து உலுக்கினாள். இம்மியும் அசையவில்லை.

செல்லச்சாமி தலையைச் சொறிந்தார். "கவர்மெண்டு சைக்கிள்லா, மாத்திச் செஞ்சிருப்பானுவ. இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

"கோவமா? வல்லத்துல குருவம்மா புள்ள செத்துப் பொறந்துச்சே, தெரியுமா? அன்னைக்குச் செயினு மூணு தடவ கழண்டுச்சு. நான் போய்ச் சேருததுக்குள்ள கொடி கழுத்தச் சுத்தி எல்லாம் முடிஞ்சிபோச்சு. எங் காலுதான் பாவி காலுன்னு எட்டு மாசமா அழுதுக்கிட்டுக் கெடக்கேன். எழுதும் சீட்ட!"

'பழுது நீக்கப்பட்டது' என்று ஆரம்பித்தார். அதைக் கிழித்துப் போட்டாள். கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது தாளில் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: 'கப்பைத் தவறாகத் திருப்பியது நான். மிதித்தவர் மேல் குற்றமில்லை.'

முப்பதாம் தேதி காலை சைக்கிளிலேயே தென்காசிக்குப் போனாள். செயின் ஒரு தடவைகூட விழவில்லை. அதிகாரி சீட்டை மேலோட்டமாகப் பார்த்தார். வெளியே வந்து மிதிகட்டையை ஆட்டிப் பார்த்தார். பிறகு சீட்டைக் கட்டுக்குள் செருகிவிட்டு, "சரி, நீங்களே வச்சுக்கிடுங்க. இனிமேலாவது பாத்து மிதிங்கம்மா" என்றார்.

அவள் கட்டைப் பிரித்து அந்தச் சீட்டை உருவி மேசைமேல் வைத்தாள்.

"வாசிங்க சார். எல்லாருக்கும் கேக்க வாசிங்க."

கிளார்க்குகள் எழுதுவதை நிறுத்தினார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வாசித்தார். கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதையும் வாசித்தார்.

அறுபத்தொன்பது வரை அந்தச் சைக்கிள் ஓடியது. செல்லச்சாமி கடையில் அவள் காற்றுக்கூட அடித்ததில்லை. மேடோ பள்ளமோ, மழையோ வெயிலோ, எழுந்து நின்று மிதித்துப் பறப்பாள். வல்லத்தில் குருவம்மாள் வீடு இருக்கிற தெருவில் மட்டும் இறங்கி, தள்ளிக்கொண்டு நடப்பாள்.