சலூன்காரனுக்கே மொட்டை

சலூன் தொழிலில கத்திரிக்கோல் பிடிக்கப் பழக ஆறு மாசம் காணும், கதிரையில இருக்கிறவை கதைக்கிறதைக் கேட்டுச் சிரிக்காமல் நிக்கப் பழக ஆயுசு காணாது. திருகோணமலையில துறைமுகத்துக்குப் போற ரோட்டில இருபத்தாறு வருசமாக் கடை வச்சிருக்கிறன். போன வருசம் எனக்கு நானே சேவ் எடுக்கேக்க தாடைக்குக் கீழ ஒரு கட்டி தட்டுப்பட்டது. எத்தினை பேரின்ர கழுத்தைத் தடவின கை! சொந்தக் கழுத்தில கிடந்தது இவ்வளவு நாளும் தெரியேல்லையே எண்டு எனக்கு என்னிலயே கோவம். கான்சர் எண்டு டொக்டர் சொன்னார். மூண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து ஏத்தினவை.

தலைமயிர், மீசை, புருவம் எல்லாம் கொட்டிப் போச்சு. அது போகட்டும். விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. சேட்டுக்குப் பொத்தான் பூட்ட ஏலாது. "சிலருக்கு உணர்ச்சி திரும்பி வரும், சிலருக்கு வராது, பொறுத்துத்தான் பாக்கோணும்" எண்டு நேர்ஸ் சொன்னா. சாவுக்குப் பயமில்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா விடிய எழும்பினா முதல் வாற கேள்வி வேற. இனி இன்னொருத்தன்ர கழுத்தில கத்தி வைக்க என்னால ஏலுமோ? கிளினிக்கில நீட்டு வாங்குப் பலகையில குந்திக்கொண்டு, நம்பர் கூப்பிடும் மட்டும் காலாட்டுற ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

எப்ப நடந்தது?

குச்சவெளியில இருந்து மாசம் ஒருக்கா பஸ்ஸில வந்து தலைமயிர் வெட்டுற மீன் வியாபாரி ஒராள். கடை வாசலில என்னைக் கண்டவுடன செருப்பைக் கழட்டினார். சலூனுக்குள்ள வர ஆர் செருப்புக் கழட்டுறது? எனக்கு அப்பவே விளங்கியிருக்கோணும். வந்தவர் என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு தலையைக் குனிஞ்சு நிக்கிறார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கிறது, நான் கடைசி மகன் எண்டது அவருக்குத் தெரியும். மொட்டையும் மீசையில்லாத முகமும் கண்டு மனுசன் முடிவே கட்டிப் போட்டார். "எப்ப நடந்தது? ஒரு சொல்லு அனுப்பியிருக்கலாமே" எண்டார்.

"அண்ணை, ஒருத்தரும் சாகேல்லை. எனக்குக் கான்சர், மருந்துக்குக் கொட்டினது" எண்டன். அவர் பெரிய மூச்சொண்டு விட்டார். கதிரையில சாஞ்சு இருந்தார். "அப்பாடா! நான் உங்கட அம்மாவாக்கும் எண்டு பயந்திட்டன்."

லட்டு

எல்லாருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. கடைக்கு முன்னால ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போற ரீச்சர் "எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?" எண்டு கேட்டா. "திருப்பதி" எண்டு சொல்லிப் போட்டன். அவவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "புருவத்தையுமோ குடுத்தனீங்கள்!" எண்டு கும்பிட்டிட்டுப் போனா. அடுத்த நாள் விடிய ஒரு சில்வர் டப்பாவோட வந்து நிக்கிறா, பிரசாதம் வாங்க! எனக்கு எங்க ஒளிக்கிறதெண்டு தெரியேல்லை. ரெண்டாவது கதிரையில வேலை செய்யிற கணேசன் சிரிப்பை அடக்க ஏலாமல் பவுடர் டப்பாவைக் கீழ போட்டான். ரீச்சர் போனாப் பிறகு சொன்னான்: "அண்ணை, இனிப் பொய் சொல்லுறதெண்டா முதல் லட்டு வாங்கி வச்சிட்டுச் சொல்லுங்கோ."

வழக்கமான கேள்வி

"வீட்டில இருந்து ஓய்வெடுங்கோ" எண்டு டொக்டர் சொன்னார். ஓய்வு எண்டா என்ன? லிங்கநகர் வீட்டில முன்வாசலுக்கும் குசினிக்கும் இடையில நடப்பன். படுத்தா மனசு எழும்பச் சொல்லும், எழும்பினா இருக்கச் சொல்லும். ரேடியோவைப் போடுவன், நிப்பாட்டுவன், திரும்பப் போடுவன். மனுசி நாலாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டு, "கடைக்கே போங்கோப்பா" எண்டா.

கடைக்குப் போய் என்ன செய்யிறது? சீப்பைக் கழுவினன். கழுவின சீப்பைத் திரும்பக் கழுவினன். கடைசியில கணேசன் என்னைப் பிடிச்சு கதிரையில இருத்தினான். இருபத்தாறு வருசத்தில நான் அந்தக் கதிரையில இருந்ததே இல்லை. கடல் பக்கக் காத்து வந்து வெறும் மண்டையில பட்டுது பாருங்கோ, ஐயோ, என்ன சுகம்! மயிர் இருக்கிற ஆக்களுக்கு அது கிடைக்காது. நான் கண்ணை மூடினன். கணேசன் பழக்க தோசத்தில துணியைக் கழுத்தில கட்டி, தோளைத் தட்டிக் கேட்டான்: "எப்பிடி அண்ணை, கட்டையா வெட்டுறதோ?"

திறமான தேத்தண்ணி

மருந்து ஏத்தின நாளில இருந்து வாய்க்குள்ள தகரம் மாதிரி ஒரு ருசி. சோறும் தகரம், மீனும் தகரம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரோட ஒவ்வொரு நாளும் சண்டை. பாவம், அந்த மனுசன் எனக்காகத் தேயிலையை மாத்தினார், கேத்திலையும் மாத்தினார். ஒருநாள் பின்னேரம் ஒரு மிடறு குடிச்சன். கசப்பு! நல்ல, சுத்தமான தேயிலைக் கசப்பு. நாக்கு திரும்பி வந்திட்டுது! சத்தியமா எனக்குக் கண் கலங்கிப் போச்சு. "இண்டைக்குத்தான் உங்கட தேத்தண்ணி தேத்தண்ணி, திறம்!" எண்டு கத்தினன். அவர் என்னைப் பாத்தார், கோப்பையைப் பாத்தார். "அண்ணை, அதுக்குச் சீனி போட மறந்திட்டன்."

மூண்டாவது ஆள்

மருந்து முடிஞ்சு ரெண்டாம் மாசம். விரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி ஏதோ தெரிஞ்சுது. சேவ் பழகிறவை பலூனுக்கு நுரை பூசிக் கத்தியால வழிச்சுத்தான் பழகிறது. நானும் ஒரு பைக்கற்று வாங்கினன். ஐம்பத்திநாலு வயசில திரும்ப அரிவரி வகுப்பு! முதலாவது டமார். ரோட்டில போனவை குனிஞ்சு பாத்தினம். ரெண்டாவதும் டமார். மூண்டாவதை ஒரு ஆளெண்டே நினைச்சு மெல்லப் பிடிச்சன், அதுவும் போச்சு. கத்தியை வச்சிட்டு வெளியில போய் நிண்டன். அழுகை வந்தது, அழுதன். கணேசன் பின்னால வந்து, முகத்தில தெறிச்சுக் கிடந்த நுரையைத் துடைச்சுக்கொண்டு சொன்னான்: "விடுங்கோ அண்ணை, பலூன்ர சொந்தபந்தம் ஆரும் வழக்குப் போட மாட்டினம்."

வலது பக்கம்

பிறகு பலூன் உடையிறது நிண்டு போச்சு. ஒரு கிழமை முழுக்க ஒண்டும் உடையேல்லை. ஆனா கதிரையில ஆள் இருந்தால்தானே! "எப்பிடி இருக்கிறீங்கள்?", "கடவுள் இருக்கிறார்", "நல்லா வந்திட்டீங்கள்". எல்லாம் சொல்லுவினம். சொல்லிப் போட்டு, "நான் கணேசனுக்கு நிக்கிறன்" எண்டு வாங்கில இருந்திடுவினம். அவையில பிழை சொல்ல ஏலாது. கழுத்து அவையின்ரதான். நான் கதிரையைச் சுத்திச் சுத்தி நடந்தன்.

ஒரு சனிக்கிழமை, வாங்கில நாலு பேர். துறைமுகத்தில வேலை செய்யிற அந்தோனி உள்ள வந்தார். எப்பவும் அவசரத்தில வாற, அதிகம் கதைக்காத ஆள். நேர வந்து என்ர கதிரையில இருந்தார். "சேவ்" எண்டார். வாங்கில இருந்தவை திரும்பிப் பாத்தினம். நான் அவர்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சன். "அந்தோனி, உண்மையைச் சொல்லோணும். விரல் இன்னும் முழுசா வரேல்லை. அடுத்த கிழமை ஸ்கானும் கிடக்கு." அவர் தலையைப் பின்னுக்குச் சாய்ச்சுக் கழுத்தை நிமித்தினார்.

நுரை பூசினன். கத்தியை எடுத்தன். இடது பக்கத்தை வழிச்சு முடிச்சு, சரியா வந்திருக்கோ எண்டு பெருவிரலால தடவினன். தாடைக்குக் கீழ ரெண்டு மயிர் மிஞ்சிக் கிடந்தது, சொரசொர எண்டு. ரெண்டே ரெண்டு. விரலுக்குத் தெரியுது! "தெரியுது கணேசன், குத்துது!" எண்டு நான் கத்திப் போட்டன். வாங்கில இருந்த நாலு பேரும் எழும்பிட்டினம். அந்தோனி மட்டும் அசையேல்லை, ஒரு கண்ணைத் திறந்தார். "குத்தினா வழியுங்கோ, வலது பக்கமும் கிடக்கு, எனக்கு பஸ் போகுது."

ஆறுதல் சொல்ல ஊரே வந்தது, கழுத்தைத் தர ஒராள்தான் வந்தவர், அவரும் பஸ்ஸுக்கு நேரம் போகுதெண்டுதான் வந்திருப்பாரோ எண்டு இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம்.