ராசிக்காரிக்கு ஒரு டம்ளர் டீ

என் ஒன்றரை வயது மகள் திடீரென்று சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். மதியத் தூக்கமும் போயிற்று. அவள் விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. பெரிய நோய் என்றே நினைத்தேன்.

"வெளியில இன்னா துன்றா?" என்றார் அங்கன்வாடி டீச்சர். ஒன்றுமே இல்லை என்று சாதித்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தூக்கிப் போனபோது பின்னாலேயே போனேன். எங்கள் ஏரியில் வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்று அக்கா வீட்டுப் பாடு. படகு கிளம்புமுன் கிரீம் பிஸ்கட்டை டீயில் நனைத்து மகளுக்கு ஊட்டினாள்.

"இவ ராசிக்காரி. இவ வயிறு ரொம்பினாதான் வலை ரொம்பும்னு எல்லா வூட்லயும் குடுக்கறதுதான? நாங்க எங்க பாடு அன்னிக்கு மட்டுந்தான் குடுக்கறோம்."

தினமும் ஏதோ ஒரு வீட்டுப் பாடு. தினமும் டீ.

"வாழைப்பழம் குடு, அவிச்ச கிழங்கு குடு. டீ குடுத்தின்னா புள்ளய அனுப்பவே மாட்டேன்க்கா!" என்று கத்திவிட்டேன்.

மற்ற வீடுகளிலும் இதையே சொன்னேன். சில நாளில் மகள் சோறு கேட்டாள். மதியம் அசந்து தூங்கினாள். தூங்குபவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கரை திரும்பும் படகுகளையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வலை காலியாக வந்தால் போதும். ராசிக்காரி என்ற அதே வாய்கள் என் பிள்ளையை என்ன சொல்லும்?