கீழ்க்கடையின் சூடு

அக்கா, தங்கை இரண்டே பேர். அக்கா கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏசி, ஹீட்டர் அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர். மின்சாரம் துளி வீணானாலும் அவளுக்கு மனசு ஆறாது. அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு நான்கு மாடிக் கட்டடம். அதன் கீழ்த்தளம் முழுக்க சூப்பர் மார்க்கெட். பாலும் இறைச்சியும் வைத்திருந்த பெரிய ஃபிரிட்ஜ்கள் ஓயாமல் வெளியே தள்ளிய வெப்பத்தைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய், குளிர்காலத்தில் எல்லா மாடிகளையும் சூடாக்கினாள். தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை.

"எதுக்கும் சூட்டுக்குன்னு தனியா ஒரு சின்ன பாய்லர் வச்சிடலாமே மேடம்?" என்று கட்டட முதலாளி அப்போதே கேட்டார்.

"ஃபிரிட்ஜ் ஓடுற வரைக்கும் சூடு இருக்கும் சார். சும்மா கிடக்கப்போற மெஷினுக்கு எதுக்கு செலவு?"

தையல்கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்த தங்கையையும் அவளே மூன்றாவது மாடிக்குக் கூட்டிவந்தாள். இரண்டு குளிர்காலம் சுகமாகப் போனது. தங்கை தைத்த கோட்டுகளுக்கு நல்ல கிராக்கி.

பிறகு சூப்பர் மார்க்கெட் நொடித்துப்போய் மூடப்பட்டது. ஃபிரிட்ஜ்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் குளிர்காற்று வீசியதுமே மாடிகள் சில்லிட்டுவிட்டன. அக்கா முதலாளியிடம் ஓடினாள்.

"இப்பவாவது பாய்லர் வச்சிடுங்க சார்."

"நான் கேட்டப்ப வேணாம்னது நீங்கதானே மேடம்? இப்ப கீழ வாடகையும் இல்ல. பணத்துக்கு நான் எங்க போறது?"

அவள் படியேறி மூன்றாவது மாடிக்குப் போனாள்.

தங்கை காலடியில் ஒரு குட்டி ஹீட்டரை வைத்துக்கொண்டு தைத்தாள். இன்னொன்றைப் போட்டால் ஃபியூஸ் போனது. விரல்கள் விறைத்துத் தையல் கோணியது. துணியைப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே திரும்பிப் போனார்கள், மறுபடி வரவில்லை.

"கோட்டைக் கழட்டவே மாட்டேங்குறாங்கக்கா. கோட்டோட அளவெடுத்தா யானைக்குத் தைச்ச மாதிரி ஆயிடும்" என்று தங்கை சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னை நாலு திட்டு திட்டிடேன்டி."

"திட்டினா ரூம் சூடாயிடுமா? கீழ கடையை மூடுவாங்கன்னு நீ என்ன கனவா கண்ட?"

"அதையும் யோசிக்கிறதுதான்டி என் வேலை."

தங்கை துணியை மடித்து வைத்தாள். குளிர் விடுவதற்கு முன்பே கடையைக் காலி செய்துவிட்டு, சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே நாள் முழுக்கக் காலர் மட்டும்தான் தைக்க வேண்டும்.

இப்போதெல்லாம் அக்கா மாற்று ஏற்பாடு இல்லாமல் எந்தக் கட்டடத்துக்கும் வரைபடம் கொடுப்பதில்லை. செலவு கூடுகிறது என்று பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். அவளும் வாதாடுவதில்லை. தங்கை போன் செய்தால் தன் பிள்ளைகளின் படிப்பு, தன்னோடு இருக்கும் அம்மாவின் முழங்கால் வலி என்று எல்லாம் பேசுகிறாள். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "போகுதுக்கா" என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள்.