அண்ணன் அடித்துக் கொடுத்த புரட்சி

எண்பதுகளின் நடுவில் முனைவர் பட்டத்துக்காக டச்சுக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆண்ட துறைமுகங்களில் எழுந்த கிளர்ச்சிகள்தான் என் ஆராய்ச்சி. மலேசியாவின் கோலசிலாங்கூர் மலைமேல் அவர்களுடைய பீரங்கிகள் இன்னும் கிடக்கின்றன. உள்ளூர்க் கதைகளில் கிளர்ச்சி இருந்தது. கவர்னர்களின் கடிதங்களிலோ எல்லாம் சுபம். சான்று போதாதென்று அத்தியாயத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிய பேராசிரியர், மூன்றாம் முறையும் இப்படியே வந்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்.

ஆங்கிலக் கைப்பிரதியைத் தட்டச்சு செய்ய, அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அண்ணனிடம் கொடுத்தேன். ஆபீஸ் டைப்ரைட்டர், ஞாயிற்றுக்கிழமை, ஓசி வேலை. பதினெட்டு வருடமாகத் தோட்ட மேலாளரான துரைக்குக் கடிதம் அடித்த கை. பிழையே இருக்காது.

பிழை இல்லைதான். என் புரட்சியையும் காணோம். "ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள்" என்ற இடத்தில் "சிறு மனக்குறை தெரிவித்தார்கள்" என்றிருந்தது. கிடங்கைக் கொளுத்தியவர்கள் "சற்றுக் கவனக்குறைவாக" இருந்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் நிலைமை சீராகி, வேலை வழக்கம்போல் நடந்தது. வந்த கோபத்தில் டைப்ரைட்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன். கனமாக இருந்ததால் விட்டேன்.

அண்ணன் அசரவில்லை. "பழக்கம்லா, கை தானா போயிடுது. ஆளுங்க குடியிருக்கிற லயத்துல சண்டைன்னு தொரைக்கு அப்படியே எழுதுனா என் வேலைதான் போகும். எவ்வளவு பெருசா நடந்துச்சோ அவ்வளவு பணிவா எழுதணும்" என்றார்.

கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். கவர்னரின் கடிதங்களையும் ஒரு கிராணிதானே எழுதியிருப்பான்? மறுநாளே நகல்களை எடுத்து, பணிவு வழிகிற கடிதங்களை மட்டும் தனியே வைத்தேன். அந்தந்த மாதத்துக் கப்பல் குறிப்புகளைப் புரட்டினால் கூடுதல் சிப்பாய்கள், வெடிமருந்து, கிடங்குகளுக்குப் புதுக் கூரைப் பலகை. சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினேன். இம்முறை நானே அடித்தேன்.

பேராசிரியர் ஏற்றுக்கொண்டார், உதவித்தொகையும் நீண்டது. யார் தந்த யோசனை என்று கேட்டு, அவர் பெயரை அடிக்குறிப்பில் போடு என்று மட்டும் சொன்னார். சந்தோஷமாக அண்ணனிடம் ஓடினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"பேரு வேணாம்மா. தொர படிச்சிட்டா? எனக்கு மூணு புள்ளைங்க இருக்குதுங்க."

வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அடிக்குறிப்பில் "ஒரு தோட்டக் கிராணி" என்றே இருக்கிறது. அதே அத்தியாயத்தில் டச்சுக் கிராணிகள் ஏழு பேரின் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறேன்.