கட்டைவிரல் சோதனை

எண்பதுகளில் சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் ஒரு சிறிய இரும்புப் பட்டறையில் நானும் மூத்த தொழிலாளியான அவரும் மட்டுமே தமிழர். மெலிந்த முகம், எண்ணெய் காயாத கைகள். வெட்டிய எதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

மேசையில் வைத்து உலோகத்தைச் செதுக்குகிற மில்லிங் மெஷின் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி முதலாளி அவரிடம் விட்டிருந்தார். கடைக்காரர் இரண்டைக் கொண்டுவந்தார். மரத்தையும் அலுமினியத்தையும் இரண்டுமே அழகாக வெட்டின. இரும்பில் மட்டும் சின்னது நடுங்கியது, பெரியது அசையவில்லை. இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி மட்டமாக்குவதுதான் அங்கே என் வேலை; பெரியது வந்தால் அதற்கு நான் தேவையில்லை.

"அண்ணை, சின்னதே காணும் எண்டு சொல்லுங்கோ. வேலை போனா இங்க இருக்கிற பெர்மிட்டுக்கு நான் என்ன செய்யிறது?"

"நீ ராவினதில நல்லதொண்டு கொண்டு வா."

கொடுத்தேன். என்னுடையதையும் பெரியது வெட்டியதையும் மாறி மாறித் தடவினார்.

"உன்ர மேடு பள்ளமாக் கிடக்கு, தம்பி."

முதலாளியிடம் பெரியதைக் காட்டினார். அதை வைக்க இடம் வேண்டுமென்று, நான் துண்டுகளை இறுக்கிப் பிடித்து ராவும் வைஸை என்னைக் கொண்டே கழற்றுவித்தார்.

மாலை ரயிலில், நான் ராவிய அந்தத் துண்டை நானும் கட்டைவிரலால் தடவினேன். அவர் சொன்னபடியே மேடு பள்ளமாகத்தான் கிடந்தது. அதற்காகத்தான் இன்னும் அவரை மன்னிக்க முடியவில்லை.