மாலத்தீவுக்கு ஒரு பூ உத்தரவு

எருமப்பட்டியில் இருக்கும் என் சின்னம்மா மகள் வசந்தாமணி, குலசாமியிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்காமல் தோட்டத்தில் போர்வெல்கூடப் போட்டதில்லை. மாலத்தீவில் டீச்சராக இருக்கும் அவள் மகள் மதுமதிக்கு நிறைமாதம். அந்த நாட்டுச் சட்டப்படி சாமி சிலை கொண்டுவரக் கூடாது என்று மதுமதி போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். பிரசவம் பார்க்கக் கிளம்பிய இவளோ வீட்டுப் பித்தளை அம்மனைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். நான் எடுத்து வெளியே வைப்பேன்.

"அம்மன உட்டுட்டுப் போலாமான்னு பூக்கேக்கறனுங்ண்ணா" என்று குலசாமி அம்மன் கோயிலுக்கு என்னை இழுத்துப் போனாள். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப் பூ வந்தால் போகலாம். எத்தனை தடவை எடுத்தாலும் சிவப்பே வந்தது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நாளைக்குப் பிளேனு. புள்ள அங்க தனியாக் கெடக்குது. அவளப் பெத்தவ நீயா, அம்மனா?" என்றேன்.

வசந்தாமணி பூவைக் கீழே வைத்தாள்.

"நீ இங்கியே இருந்து ஊட்டப் பாத்துக்க ஆத்தா. நான் போயிட்டு வாரேன்" என்று அம்மனிடமே கறாராகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.